ஸ்பூன் தேடிப் போன சூப்

அக்கா ஆஸ்பத்திரி சமையலறை வேலையைப் போன மாதம் விட்டுவிட்டாள். உப்பில்லாத கஞ்சி கிண்டிக் கிண்டிக் கை மரத்துப்போய்விட்டது, இனிமேல் சொந்தக் கடைதான் என்றாள். கடை எங்கே என்று கேட்டால் உணவுத் திருவிழா நோட்டீஸை நீட்டினாள். ஆனாலும் நான் வேலை பார்க்கிற பியூட்டி பார்லருக்கு லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

திருவிழா ஏற்பாடு வேடிக்கையானது. வாசலில் டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு மர ஸ்பூன் கொடுப்பார்கள். அதை வைத்து எல்லாக் கடையிலும் சாப்பிடலாம். கிளம்பும்போது, மனசுக்குப் பிடித்த கடையின் பெட்டியில் அதைப் போட்டுவிட வேண்டும். ஸ்பூன் போனால் சாப்பாடும் முடிந்தது, அதனால் யாரும் அவசரப்பட்டுப் போடமாட்டார்கள். சாயங்காலம் மணி அடிக்கும்போது எந்தப் பெட்டியில் அதிகமோ, அவர்களுக்கு மார்க்கெட் கட்டடத்தில் ஒரு வருஷம் வாடகையில்லாத கடை. அக்கா அந்தக் கடையை நம்பித்தான் வேலையை விட்டிருந்தாள்.

பூசணி சூப் கமகமவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. சும்மா இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. மொத்தக் கூட்டமும் ஸ்பூனைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடிவிட்டது. மைதானத்தில் எந்தப் பெட்டியிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் விழவில்லை. எங்கள் கடை கடைசி மூலை, அதன் பெட்டி சுத்தக் காலி.

அக்கா அடுத்த சூப்புக்குப் பூசணிக்காய் நறுக்க உள்ளே போனாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அத்தான், ஸ்பூன் எங்கயும் தொலைஞ்சு போயிடல. இந்த ஊருக்குள்ளதான் எங்கேயோ ஒதுங்கி நிக்குது" என்றேன்.

"அதுக்கு?"

"குண்டானைத் தூக்குங்க."

ஆளுக்கு ஒரு காது பிடித்தோம். என் தோளில் காகிதக் கப் பை, அவர் கக்கத்தில் குடை. குடை சூப்புக்கு மட்டும்தான்.

எனக்கு அந்த ஊர் புதுசு. தலை கால் புரியாத சந்தோஷம். டிராம் நிறுத்தத்தில் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது முதல் ஸ்பூன். பாலத்துக்கடியில் காலேஜ் கும்பலே நின்றது. ஒருத்தன் ஸ்பூனைக் காதில் செருகியிருந்தான். தியேட்டர் படிக்கட்டு, கண்ணாடிக் கடை வாசல், நூலக வராண்டா என்று சந்து சந்தாகப் போனோம். ஈரச் செங்கல் தெருக்களில் விளக்கு பகலிலேயே எரிந்தது. சூடாக ஒரு வாய் போனதும் நடுங்கிக்கொண்டிருந்த முகமெல்லாம் மாறியதைப் பார்க்கணுமே. "மைதானத்துல கடைசி மூலை, எங்க அக்கா கடை" என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன்.

அத்தான் ஸ்பூன் இல்லாதவர்களுக்கும் ஊற்றினார்.

"ஓட்டு இல்லாத வாய்க்கெல்லாம் எதுக்கு ஊத்துறீங்க?"

"அவங்களுக்கும் குளிருது இல்ல? பேசாம வா."

எல்லோரும் "கண்டிப்பா வர்றோம்" என்றார்கள். கண்டிப்பாக வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்லரில் பார்த்துப் பார்த்து எனக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி கப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் திரும்பிக்கொண்டாள்.

காலிக் குண்டானோடு சொட்டச் சொட்ட வந்து நின்றோம். அக்கா பொரிந்து தள்ளினாள்.

"ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா? அஞ்சாறு பேர் வந்து சூப் இல்லைன்னு திரும்பிப் போயிட்டாங்க. கடையில இருந்த ஒரே குண்டானைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

ஊர் முழுக்கக் கடைக்கு ஆள் கூப்பிட்ட எங்களுக்கு, கடையில் சூப் வேண்டும் என்பது தோன்றவே இல்லை. அத்தான் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அக்கா வேறு பாத்திரத்தில் பூசணியை அடுப்பேற்றி இருந்தாள். அது அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் குடைகள் தெரிந்தன. பாலத்துக்கடிக் கும்பல் முன்னால், பின்னால் டிராம் நிறுத்தம், அதற்கும் பின்னால் யார் யாரோ. எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. எல்லோரும் கையில் ஸ்பூனோடு மூலையில் வந்து நின்று ஒரே கேள்வி கேட்டார்கள். "இன்னொரு கப் கிடைக்குமா?"

மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"முதல்ல ஸ்பூனைப் போடச் சொல்லுக்கா" என்று அவள் காதைக் கடித்தேன்.

"மழையில நடந்து வந்திருக்காங்க. சாப்பாடு போடாம ஓட்டுக் கேக்கச் சொல்றியா?"

"அரைவேக்காடா இருந்தாலும் ஊத்து."

"வேகாததை நான் ஊத்தமாட்டேன்டி. கடை போனாப் போகட்டும்."

ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இப்படித்தான், யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தாள், மூடினாள். மறுபடி நசுக்கினாள். பிறகுதான் கரண்டியை எடுத்தாள். கப்புகள் கை மாறின. வாங்கியவர்களெல்லாம் ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதி, நிதானமாக ரசித்துச் சாப்பிட்டார்கள். இந்த வேகத்தில் போனால் மணி அடித்து ஊர் அடங்கிவிடும். வாசலில் மணிக்காரர் கயிற்றைக் கையில் எடுத்தது தெரிந்தது.

மஞ்சள் மழைக்கோட்டுக்காரி கப்பை வாங்கினாள். ஸ்பூனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். டொக்கென்று போட்டாள். கப்பை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக் குடித்தாள்.

"சூப்புதானே, இதுக்கு எதுக்கு ஸ்பூன்?" என்றாள் பக்கத்தில் நின்றவனிடம்.

அவனும் போட்டான். பிறகு டொக், டொக், டொக் என்று விழுந்துகொண்டே இருந்தது. மணி அடித்தபோது பெட்டி நிறைந்து மூடி மூடவில்லை. அத்தான் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை எடுத்துப்போன விழா அதிகாரி, எண்ணி முடித்துவிட்டு நேராக எங்களிடம் ஓடிவந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா தலை நிமிரவில்லை, இன்னும் பாதிப் பேருக்கு ஊற்றவேண்டியிருந்தது.

"அம்மா, மார்க்கெட் கடை உங்களுக்குத்தான்" என்றார் அதிகாரி.

"சரிங்க. எல்லாரும் நிக்கிறாங்க பாருங்க, நீங்களும் வரிசையில வாங்க" என்றாள் அக்கா.

அவர் போய்க் கடைசியில் நின்றார்.