வாசத் தொறந்தவக வீடு

சின்னக்கோட்டையில் வழி கேட்டால் கதவு எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். மாவு மில்லுக்காரர் வீடு, பால்வாடிக்கு எதிர்வீடு என்றுதான் அடையாளம். சுப்புத்தாயின் வீட்டுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர்: வாசத் தொறந்தவக வீடு, வாசலைத் திறந்துவிட்டவர்கள் வீடு. சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் அவள் காதில் விழுகிற அளவுக்குத்தான் தாழ்த்துவார்கள்.

உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டை அது. அரண்மனை இடிந்து கருவேலம் மண்டிவிட்டது. மதில் மட்டும் மூன்று ஆள் உயரத்துக்குக் கல்லுக்கல்லாக நிற்க, அதற்குள்ளேயே ஊர் இருக்கிறது. மேற்கே பெரிய வாசல். கிழக்கே ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு திட்டிவாசல். வெள்ளைக்காரக் கும்பினிப் படை வந்து முற்றுகை போட்டபோது அந்தத் திட்டிவாசலுக்குக் காவல் நின்றவர் மாயாண்டி, சுப்புத்தாயின் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். அவர் உள்ளிருந்தே தாழ்ப்பாளை நீக்கினார், படை புகுந்தது, கோட்டை விழுந்தது. இது ஊர் சொல்கிற கதை. கிணறு வற்றிப்போய்ப் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடந்ததால், பெண்கள் வெளியே ஓடையில் தண்ணீர் எடுத்துவரத்தான் திறந்துவிட்டார் என்பது அந்த வீட்டார் சொல்கிற கதை. இதைக் கேட்க ஊரில் யாருக்கும் காது கிடையாது.

படை போன பிறகு ஊர் கூடி அந்த வாசலைக் கல்வைத்து அடைத்தது. அன்றிலிருந்து சித்திரைக்குச் சித்திரை வீட்டுக்கு ஒரு பிடி மண் குழைத்து வந்து அதன்மேல் அப்புவார்கள். மண்வைப்பு என்று பேர். மண் ஏறி ஏறி, வாசல் இருந்த இடம் மதிலுக்கு வயிறு வைத்ததுபோலப் புடைத்து நிற்கிறது. சுப்புத்தாய் வீட்டு மண்ணுக்கு அதில் இடமில்லை. மற்றவர்கள் மண் வைக்கிற நேரம் அவள் வீட்டார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சின்ன வயதில் ஒருமுறை அவளும் ஒரு பிடி மண்ணை உருட்டி வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். மண் உள்ளங்கையிலேயே காய்ந்து உதிர்ந்ததுதான் மிச்சம். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

மண்வைப்பை நடத்துகிறவர், மாயாண்டிக்குப் பிறகு வாசல் காவலை ஏற்ற காவல் வீட்டு வேல்பாண்டி. ஊர் முறைக்கு அவளுக்கு மாமன். கெட்ட மனுசன் இல்லை. வழியில் பார்த்தால் "நல்லாருக்கியா ஆத்தா" என்பார். ஆனால் திட்டிவாசலுக்குப் பத்தடி தள்ளித்தான் அவள் ஆட்டைக்கூடக் கட்ட விடுவார்.

இந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஒருநாள் மதியம், மேலே மலையோரத்துக் கண்மாயின் கரை உடைந்தது. வந்த தண்ணீர் நேராகப் பெரிய வாசலில் முட்டி உள்ளே புகுந்தது. புகுந்தது சரி, போவதற்கு வழி? சாக்கடை போகிற துவாரத்தை எப்போதோ பாலிதீன் பை அடைத்துவிட்டது. எதிரியைத் தடுக்கக் கட்டிய மதில், வந்த தண்ணீரையெல்லாம் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஆண்கள் முக்கால்வாசிப் பேர் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். சுப்புத்தாயின் புருசன், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த விஜய்ராஜும் லாரியில் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தான்.

அவள் வீட்டை விட்டு வெளியே வந்தபோது தண்ணீர் இடுப்பளவு. ஊரிலேயே பள்ளமான இடம் பால்வாடி. அங்கே ஆயா வேலை பார்க்கும் ஜெபஷீலா, பிள்ளைகளை எப்படியோ மொட்டைமாடிக்கு ஏற்றியிருந்தாள். பக்கத்து ஊர் ராயப்பன்பட்டிக்காரி, கெட்டிக்காரி. அந்தக் கூட்டத்தில் மஞ்சள் கவுன் போட்டு நின்றது சுப்புத்தாயின் நாலு வயது மகள் திரிஷா.

"ஜெபா! பிள்ளைகளை நடுவுல உக்கார வையி!"

"உக்கார வச்சுட்டேன்க்கா! கீழ செவுரு விரியுதுக்கா, சத்தம் கேக்குது!"

அந்தக் கட்டடம் போன வருடமே விரிசல் விட்டது. பால்வாடிக்குப் போகிற தெருவிலோ நடக்க முடியாத இழுப்பு. நீந்திப் போன மில்லுக்காரரைத் தண்ணீர் புரட்டி ஒரு மின்கம்பத்தில் கொண்டுபோய்ப் போட்டது. அவர் அதைக் கட்டிக்கொண்டு அலறினார். தீயணைப்புக்குப் போன் போட்டாயிற்று. வழியில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது, சுற்றித்தான் வர முடியும் என்றார்கள். அவர்கள் சுற்றி வரும்வரை அந்தச் சுவர் காத்திருக்குமா?

சுப்புத்தாய் கிழக்கே திரும்பிப் பார்த்தாள். திட்டிவாசலுக்கு வெளியே ஓடைப் பள்ளம். அதை உடைத்துவிட்டால் இவ்வளவு தண்ணீரும் போய்விடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். தெரிந்தும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டுக்குள் போய், திராட்சைப் பந்தலுக்குக் கல்கால் ஊன்றுகிற கடப்பாரையையும் லாரிக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, இழுப்பில்லாத மதிலோரமாகவே போனாள்.

வேல்பாண்டி அவளுக்கு முன்னாலேயே அங்கே நின்றார். நெஞ்சளவு தண்ணீரில், மண்மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் சுப்பு. கிட்ட வராத."

"தள்ளுங்க மாமா."

"எங்க அப்பாரு, அவுக அப்பாரு, எல்லாரும் காத்து நின்ன வாசல். ஒங்க வீட்டுக் கை இதுல படக் கூடாது."

"சரி, ஒங்க கையே படட்டும்! அங்கன மாடியில எம்மக மட்டுமா நிக்கிறா? ஒங்க மக வயித்துப் பேத்தியும்தான் நிக்கிது. இந்தாங்க, நீங்களே இடிங்க!"

கடப்பாரையை அவர் கையில் திணித்தாள். வேல்பாண்டி பால்வாடிப் பக்கம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அதன் பின்சுவரில் ஒரு பகுதி பொதபொதவென்று தண்ணீருக்குள் விழுந்தது. மாடியில் பிள்ளைகள் வீல் என்று கத்தின. அவர் கடப்பாரையை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. மறுபடி ஓங்கினார், மறுபடியும் நின்றது. கிழட்டுக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"கை வரமாட்டேங்குதே ஆத்தா..." என்றார். பிறகு கடப்பாரையை அவளிடம் நீட்டி, "நீயே தொறந்துரு. ஒங்க வீட்டுக்குப் பழக்கந்தானே" என்றார்.

திட்டினாரா, கெஞ்சினாரா? அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை அவரிடம் எறிந்தாள். வாசல் உடைந்தால் முதலில் தண்ணீர் இழுப்பது அவளைத்தான். அப்போது அவள் உயிர் காவல் வீட்டுக்காரர் கையில்.

"விட்டுராதீக மாமா."

அவர் பக்கத்தில் நின்ற காவல்சாமிக் கல்லில் கயிற்றைச் சுற்றிக் காலை உதைத்து நின்றார்.

சுப்புத்தாய் குத்தினாள். ஊறிப்போன மண் பாளம் பாளமாகக் கழன்றது. யார் யாரோ அப்பிய மண். அவளை ஒதுக்கி நிறுத்திவிட்டு அப்பிய அத்தனை மண்ணும் அவள் கடப்பாரைக்குக் கீழே கரைந்தது. மண் போனதும் கல் வந்தது. கடப்பாரை நுனி வழுக்கி மணிக்கட்டைத் தெறிக்க வைத்தது. தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கி, கல் இடுக்கில் நுனியைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. மேலே வந்தபோது "அம்மா" என்று ஒரு குரல். திரிஷாவின் குரலா, வேறு பிள்ளையா, தெரியவில்லை. மறுபடி முங்கி, ஆத்திரம் அத்தனையும் கூட்டி நெம்பினாள்.

ஒரு கல் போனது. அப்புறம் எல்லாம் ஒன்றாகப் போனது. தண்ணீர் அவளைத் தூக்கி, வாசலுக்குள் திணித்து, நிலைக்கல்லில் அறைந்தது. கயிறு இடுப்பை அறுத்தது. ஒரு கணம் கயிறு தொய்ந்தது. அவ்வளவுதான், விட்டுவிட்டார் என்று நினைத்தாள். பிறகு அது விறைத்துக்கொண்டது, விறைத்தபடியே நின்றது.

தண்ணீர் வடிந்து முட்டளவுக்கு வந்தபோது வேல்பாண்டி கல்லோடு கல்லாகச் சாய்ந்து கிடந்தார். கயிற்றை இன்னும் விடவில்லை. அவர் உள்ளங்கைத் தோல் முழுக்கக் கயிற்றோடு போயிருந்தது. ஜெபஷீலா பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிய பிறகுதான் பால்வாடிக் கட்டடம் இடிந்து உட்கார்ந்தது. திரிஷா ஓடிவந்து ஈரச்சேலையைக் கட்டிக்கொண்டதும், சுப்புத்தாய் வெட்கம் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

தீயணைப்புக்காரர்கள் ஓடைப் பக்கமாக ஏறி, அந்தத் திட்டிவாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி கேட்டார்: "யாருங்க இந்த வாசலத் தொறந்தது?"

அந்த ஊரில் கேட்கக் கூடாத கேள்வி அது.

"நாந்தான் சார்" என்றாள் சுப்புத்தாய். "எங்க வீட்டுக்குப் பேரே அதுதான்."

வேல்பாண்டி மெல்ல எழுந்தார். குனிந்து, தோலுரிந்த கையால் ஒரு பிடி சேற்றை அள்ளி உருட்டினார். அதை அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கே கல்லு வச்சு அடைச்சிருவோம் ஆத்தா. இந்தத் தடவ மொத மண்ணு ஒங்க வீட்டு மண்ணு. ஊரு முன்னால சொல்றேன்."

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! சுப்புத்தாய் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். மண் அவர் ரத்தத்தோடு சூடாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே, ஓடைப் பக்கம் எறிந்தாள்.

"தொறந்தே கெடக்கட்டும் மாமா" என்றாள். "வாங்க, மொதல்ல கைக்கு மருந்து போடுவோம்."