வெட்டுப்பட்ட சரணம்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய முகம் தெரியாது, குரல் தெரியும். காலை ஏழு மணிக்கு ரேடியோவைத் திருகினால் வருகிற குரல். கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை கேட்டாலே, "ரேடியோ அக்காவா?" என்று கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆட்சி மாறிய கையோடு வானொலி நிலையத்துக்குப் புது இயக்குநர் வந்தார். முந்தைய இயக்குநர் வாயைத் திறந்தாலே கூரை அதிரும். இவர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோருடைய பிள்ளைகள் பேரையும் ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரித்தார். வந்த சில நாளிலேயே அவளைக் கூப்பிட்டு, ஒரு புது நிகழ்ச்சி நடத்தலாமா என்று கேட்டார்.

"எந்தப் பத்தாண்டுல வந்த பாட்டுலதான் கற்பனை அதிகம்? அறுபதுகளா, எழுபதுகளா, எண்பதுகளா, தொண்ணூறுகளா? ஜனங்களே போன் பண்ணிச் சொல்லட்டும். நல்லாப் பேசறவங்களுக்கு வீட்டுக்கே போய்ப் பரிசு கொடுப்போம். நீங்க நடத்தினாத்தான் எடுபடும்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு என்றால் அவளுக்கு உயிர். அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் எழுபதுகளில் சினிமாப் பாட்டுகளுக்கு கிடார் வாசித்தவர். இப்போது காதும் மந்தம், விரலும் மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல போட்டி வேறயா? எழுபதுதான்" என்றார் அண்ணன். "அப்போ எந்த வரியை எழுதினாலும் தணிக்கைக்காரன் கத்திரியோட நிப்பான். அவனுக்குப் புரியாம ஜனங்களுக்கு மட்டும் புரியற மாதிரி எழுதணும், வாசிக்கணும். மூளையைக் கசக்கினாதானே கற்பனை வரும்? சும்மா கிடைச்சா யாரு யோசிப்பா?"

"உங்க தம்பட்டத்தை அப்புறம் அடிங்க, சாம்பார் ஆறுது" என்றாள் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு வெட்டினவனோட பசங்கதான் இன்னிக்கு ஆட்சிக்கு வந்திருக்காங்க. பாத்துப் பேசும்மா" என்றார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நிகழ்ச்சி முதல் நாளே சூடுபிடித்துவிட்டது. ஒரு ஆசிரியை அறுபதுகளின் மெல்லிசைக்காக மூச்சுவிடாமல் வாதாடினார். லாரி ஓட்டுநர் ஒருவர், எண்பதுகளின் தாளம் இல்லாவிட்டால் தான் தூங்கி வழிந்து எப்போதோ பள்ளத்தில் கிடந்திருப்பேன் என்றார். தொண்ணூறுகளுக்காகப் பேசிய கல்லூரிப் பெண்ணை அவளுடைய அம்மாவே பின்னாலிருந்து, "இரைச்சலுக்குப் பேரு பாட்டாடி?" என்று கேட்டது ஊருக்கே ஒலிபரப்பாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆள் ஒல்லி, நிலையத்தில் அவருக்கு ஊசி என்று பேர். பேசியவர்களிடம் பரிசுக்காக முகவரி வாங்கி வைப்பதும் அவர் வேலைதான்.

பிறகுதான் சலூன்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, ஒருத்தருக்கு ஒரு கன்னம் முடிச்சாச்சு. மறு கன்னம் நுரையோட காத்திருக்கு. சுருக்கமாச் சொல்றேன். எழுபதுதான்."

"ஏன்னு சொல்லுங்க."

"அந்தத் தோணிப் பாட்டு ஞாபகம் இருக்கா? கேக்கறதுக்குக் காதல் பாட்டு. ஆனா மூணாவது சரணம் ஒண்ணு இருந்தது, வெட்டிட்டாங்க. எங்கப்பா மனப்பாடமாப் பாடுவார்." அவள் தடுப்பதற்குள் பாடிவிட்டார்:

*கரையைக் களவாடிப் போனவர் யாரோ*
*கடலிடம் கேட்டால் கைவிரிக்கும்*
*துடுப்பினைப் பறித்த கைகளை எல்லாம்*
*துளித்துளியாக அலை அரிக்கும்*

நல்ல குரல். அவளுக்குப் புல்லரித்தது. மறு கன்னக்காரர் கைதட்டுவதும் கேட்டது.

அன்று மதியம் இயக்குநர் அவளுக்குக் காபி வரவழைத்தார். "அபாரம். இதுதான் நிகழ்ச்சி. வெட்டுப்பட்ட வரி யாருக்கெல்லாம் தெரியுமோ பாடச் சொல்லுங்க. அவங்களுக்கு இரட்டைப் பரிசு."

அடுத்த நாளிலிருந்து எழுபதுகள் மடை திறந்த மாதிரி வந்தன. தையல்காரி ஒருத்தி, ஓய்வுபெற்ற நர்ஸ், பேர் சொல்ல வெட்கப்பட்ட ஒரு காவலாளி. எங்கோ எந்தச் சமையலறையிலோ இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொருவரிடமும் அவள் வாய் நிறையச் சொன்னாள்: "மறக்காம முகவரி சொல்லிட்டுப் போங்க."

அந்த வாரக் கடைசியில் சலூன் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. ஆளை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தாள். கடை சாத்தியிருந்தது. பூட்டு தொங்கவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குக் கீழே வெட்டிய முடி பெருக்கப்படாமல் கிடந்தது. கிண்ணத்தில் சோப்பு நுரை காய்ந்து வெடித்திருந்தது. பின்பக்கத்து வாசலில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சலூன்காரரின் மனைவி.

"ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள். "ரேடியோ நிலையத்துலேர்ந்து வர்றோம், உங்க வீட்டுக்காரருக்குப் பரிசு விழுந்திருக்கு, கையெழுத்துப் போடணும்னு வண்டியில கூட்டிட்டுப் போனாங்க. இவரு சந்தோஷமா சட்டையை மாத்திட்டுப் போனாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க யாரு? குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

ரேடியோ அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரலை மறைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.

நேரே நிலையத்துக்குப் போய் ஊசியைப் பிடித்தாள். "அந்த முகவரியெல்லாம் எங்க போகுது?"

ஊசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு அக்கா. நீங்க கேக்கல, நான் சொல்லல."

"எழுபதுன்னு சொன்னவங்க மட்டுமா?"

ஒயர் சுருள் அவர் கையிலிருந்து நழுவியது. ஆமாம் என்பது அவளுக்குப் புரிந்தது.

நிகழ்ச்சியை விட்டு ஓடினால் வேறு யாரையாவது உட்காரவைப்பார்கள். மைக்கில் உண்மையைச் சொன்னால், முதல் வாக்கியம் முடிவதற்குள் ஊசி சுவிட்சைத் தட்ட வேண்டியிருக்கும். அவருக்கு இரண்டு பெண்கள். யோசித்து யோசித்து அவளுக்கு ஒரே வழிதான் தென்பட்டது. அது நினைக்கவே கசந்தது.

மறுநாள் காலை மைக்கில் சொன்னாள்: "வணக்கம். ஒரு விஷயம் வெளிப்படையாச் சொல்லிடறேன். எழுபதுகள்ல பாட்டே கிடையாது. எல்லாம் அழுகாச்சி, ஒப்பாரி. அதைப் பத்திப் பேசறதுக்காகப் போனைத் தொடாதீங்க, எனக்கு நேரமில்ல."

முதலில் வந்தவர் பதறிப்போய், "என்ன அக்கா இப்படி…" என்று ஆரம்பித்தார். "எண்பதா, தொண்ணூறா? ரெண்டும் இல்லையா? வைங்க" என்று இணைப்பைத் துண்டித்தாள். அடுத்தவர் பாடத் தொடங்கினார். துண்டித்தாள். ஒரு பெரியவர், "உன்னை என் மகளா நினைச்சிருந்தேன்" என்றார். அவரையும் துண்டித்தாள். யாரும் முகவரி சொல்லுமளவுக்குப் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த அழைப்பில் ஒரு கனைப்பு கேட்டது. அந்தக் கனைப்பை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"நான் அந்தத் தோணிப் பாட்டுக்கு கிடார் வாசிச்சவன்" என்றார் அண்ணன். குரல் கோபத்தில் நடுங்கியது. "அதை ஒப்பாரின்னு சொல்ல உனக்கு என்ன தகுதி இருக்கு? என் பேரைச் சொல்றேன், எழுதிக்கோ. என் பேரு…"

அவள் விரல் முந்திக்கொண்டது. இணைப்பு அறுந்தது.

"யாரோ பெருங்காய டப்பா" என்றாள் மைக்கில். "வாசனைகூட மிச்சமில்ல." சொல்லிவிட்டு எண்பதுகளின் ஒரு குத்துப்பாட்டைப் போட்டாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. "பாவம், களைச்சுப் போயிட்டீங்க" என்றார். "அந்தக் கடைசிக் குரல் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். தொண்டை வேற சரியில்ல. கொஞ்ச நாள் லீவு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோங்க. உங்க குரல் எங்ககிட்ட நிறைய இருக்கு" என்றார் சிரித்தபடி. அப்போது அது அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கதவைச் சாத்தி, மந்தமான அந்தக் காதருகே குனிந்து, சலூனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தங்கையின் தலையில் கையை வைத்தார். அந்த வாரமே அண்ணி அவரைத் தன் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். கிடாரைப் போர்வையில் சுற்றி, படுக்கை மாதிரிக் கட்டி எடுத்துப் போனார்கள்.

சலூன்காரர் ஒரு நாள் திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டாள். கடையைத் திறந்திருக்கிறாராம். வாடிக்கையாளர் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதில்லையாம். தையல்காரியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவள் லீவை நீட்டிக்கொண்டே போனாள். ஒரு காலை மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ கொஞ்சலாகப் பேசுவது கேட்டது. நல்ல குரல் என்று நினைத்தாள். அடுத்த நொடி படியிலேயே நின்றாள். அது அவளுடைய குரல்.

"வணக்கம் குழந்தைகளா. உங்க வீட்ல அப்பா முணுமுணுக்கிற பாட்டு எது? போன் பண்ணிப் பாடிக் காட்டுங்க." 'குழந்தைகளா' ஏதோ பழைய நிகழ்ச்சியில் சொன்னது. 'அப்பா முணுமுணுக்கிற' வேறெதிலோ. வெட்டி ஒட்டியிருந்தார்கள். சொற்களுக்கு நடுவே மூச்சு ஒட்டவில்லை. ஆனால் அது யார் காதிலும் உறுத்தாது. அதைத் தொடர்ந்து ஒரு சிறுமியின் மழலைக் குரல் பாடத் தொடங்கியது.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்குள் போனாள். அந்த வீட்டுச் சின்னப் பெண் முக்காலி மேல் ஏறி நின்று போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி பக்கத்தில் பெருமையாக நின்றாள். ரேடியோ அக்கா ரிசீவரைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

அம்மாக்காரி அவளையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்க அங்க பேசிட்டிருக்கீங்க…"

"அது நான் இல்ல. போன் பண்ணாதீங்க. இவளோட அப்பா இனிமே வீட்ல எதுவும் பாட வேண்டாம்னு சொல்லுங்க."

அவள் வெளியே வந்தாள். தெரு நெடுகிலும் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் அவள் குரல் வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.