விளாங்குடியில் இன்று மின்தடை

கரண்ட் போகவில்லையே என்று அன்றைக்கு மதுரை விளாங்குடியில் தவித்தது ஒரே ஒரு வீடு. அது முனீஸ்வரியின் வீடு.

பராமரிப்புப் பணி, பத்து மணிக்கு மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். தெரு முழுக்க விடியும் முன்பே எழுந்து தொட்டியை நிரப்பி, மாவையும் ஆட்டி வைத்துவிட்டது. பத்தரை தாண்டியும் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் அஸ்வினி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த விசிறியையே அண்ணாந்து பார்த்திருந்தாள்.

"ஏத்தா, இன்னைக்கு நிறுத்த மாட்டாய்ங்களோ?"

"அப்படிச் சொல்லாதீங்க அத்தே. இதை விட்டா அடுத்த மாசந்தான். நாளைக்கு நான் அத்தியாயத்தைக் குடுக்கணும்."

அந்த அத்தியாயத்தின் பாடு முனீஸ்வரிக்குத் தெரியும். மருமகள் கிரிப்டோ காசை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். "அந்தக் காசுக்கு பேங்க் கிடையாது அத்தே. ஊரூருக்கு யாராவது ஒரு கம்ப்யூட்டரை ஓயாம ஓடவிட்டு, எல்லாருமாக் கணக்கைப் பாத்துக்கிறாங்க. அதுக்கு நோடுன்னு பேரு. எந்தப் பக்கம் எம்புட்டு நோடு இருக்குன்னு கணிக்கிறதுதான் என் வேலை" என்று அவளே விளக்கியிருக்கிறாள்.

வினை எங்கே வந்தது என்றால், நோடுகளின் இணைய முகவரியை வைத்து ஊரைத் தேடினால், இணைப்புக் கொடுத்த கம்பெனியின் ஆபீஸ் இருக்கும் ஊரைத்தான் காட்டுகிறது. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் சென்னையிலேயே ஈ மொய்ப்பதுபோல் மொய்த்துக் கிடந்தன. மதுரை வெறுமையாக இருந்தது.

"நம்ம ஊர்லயும் இருக்கும்னு நெனப்பு இருந்தாப் போதாதும்மா. ஆதாரம் இல்லேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துரு" என்று சொல்லிவிட்டார் அவளுடைய வழிகாட்டி ராஜகுரு.

மருமகள் டாக்டராகப் போகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் முனீஸ்வரி. அத்தியாயத்தை எடுப்பதாவது! போன வாரம் மின்தடை அறிவிப்பைப் பார்த்த அஸ்வினிதான் துள்ளினாள். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நோடையும் 'இருக்கியா, இருக்கியா' என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விளாங்குடியில் கரண்ட் போகும்போது எது வாயடைக்கிறதோ, அது விளாங்குடிக்காரன்!

எதிர்வீட்டு ஒச்சாயி வாசலில் வந்து நின்றாள். "என்னா மதினி, கரண்டு போகலன்னு ஊரே குளுந்து கிடக்கு. நீ மட்டும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்க?"

"போகணும்னு வேண்டிக்கிட்டு இருக்கோம். நீ வாயக் குடுக்காத."

"கூறு கெட்டுப்போச்சா உனக்கு?"

அவள் கேட்டு முடிக்கவில்லை. மின்விசிறி சோம்பி, தள்ளாடி, நின்றது. "போயிருச்சு அத்தே!" என்று அஸ்வினி கத்த, முனீஸ்வரி கைதட்டினாள். ஒச்சாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

போன் இணைப்பில் லேப்டாப்பைப் பார்த்தார்கள். சென்னைக் கூட்டத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள் பதில் வராமல் சாம்பலாயின. அரைமணி கழித்து இன்னொன்று.

"இதென்ன, ஆடி அசைஞ்சு போகுது?"

"அந்த வீட்ல இன்வெர்ட்டர் இருக்கும் அத்தே. இப்பத்தான் சார்ஜ் தீர்ந்திருக்கு."

ராஜகுரு போனில் அசரவில்லை. "சென்னையிலயே மூணு பேர் மெஷினை அணைச்சிருக்கலாமேம்மா?"

"கரண்ட் திரும்பி வர்றப்பப் பாருங்க சார்."

அதன்பின் காத்திருப்புதான். வேர்த்து ஊற்றியது. முனீஸ்வரி ஒரு அட்டையை எடுத்து மருமகளுக்கும் லேப்டாப்புக்குமாகச் சேர்த்தே விசிறினாள். "அதுல ஒருத்தன் நம்ம தெரு பேயாண்டி மகனாத்தான் இருக்கும். அறைக்கதவையே தெறக்க மாட்டான். போய்க் கேட்டுட்டு வரவா?"

"ஐயோ, வேணாம் அத்தே! யாருன்னு தோண்டக் கூடாது. எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதும்."

"பெறகு என்னத்துக்கு இம்புட்டுப் பாடு" என்று முணுமுணுத்தாலும் எழுந்து போகவில்லை.

பிற்பகலில் மின்விசிறி ஒரு குலுங்கு குலுங்கிச் சுற்றியது. தெருப்பிள்ளைகள் ஹோவென்று கூவினார்கள். அஸ்வினி லேப்டாப்பைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒரு புள்ளி பச்சையானது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. மூன்றாவது போக்குக் காட்டியது. முனீஸ்வரி திரையை நோக்கி, "வாடா, வாடா என் ராசா" என்று கெஞ்சினாள். வந்துவிட்டான்!

அஸ்வினி போனில் ராஜகுருவுக்குச் சேதி சொன்னாள். அவர் சிரித்தார். "கரண்டோட போயி, கரண்டோட வந்திருக்கு. சரிம்மா, எழுது. ஆனா ஒரு பக்கத்தை வச்சு மதுரை முழுசையும் அளந்துறாத. குறைஞ்சது மூணுன்னு போடு."

"அத்தியாயம் சார்?"

"இருக்கட்டும்மா. ஆய்வேட்டுல முன்னாடியே வை."

அஸ்வினி மாமியாரைக் கட்டிக்கொண்டு சுற்றிய சுற்றில் அட்டை எங்கோ பறந்தது. பிறகு உட்கார்ந்து, சென்னையிலிருந்து மூன்று புள்ளிகளையும் அழித்துவிட்டு, மதுரையில் விளாங்குடிப் பக்கமாக லேசாக ஒரு வட்டம் போட்டாள்.

"என்னத்தா, புள்ளி வைக்கலையா?"

"எந்த எடம்னு அம்புட்டுத் துல்லியமாத் தெரியாது அத்தே. இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கு."

முனீஸ்வரி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். "நம்ம வீடு இதுக்குள்ள வருதா?"

"வருது."

"அப்பச் சரி" என்றவள், வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டாள். "ஏ ஒச்சாயி, இங்க வா. உன் வீடும் இருக்கான்னு பாப்போம்!"