சலூனில் கேட்ட குரல்

ஆப்பிரிக்க நகரமான லுசாக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்தாள் முதின்தா. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறார்கள் என்பது அவள் தீர்மானம். அதிலும் சிலுஃப்யா மீது தனிச் சந்தேகம். அந்தப் பெண் கூட்டத்தில் கேமராவைப் போடவே மாட்டாள். பின்னணியில் எப்போதும் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"என்னம்மா, முடி பின்னிக்கிட்டே மீட்டிங்கா? நகத்துக்கும் சாயம் பூசியாச்சா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதுவும் போதாமல், கையும் களவுமாகப் பிடிக்க மறுநாள் சிலுஃப்யா குடியிருக்கும் மட்டேரோவுக்கே வண்டியை விட்டாள். வீடு பூட்டியிருந்தது.

"சிலுஃப்யாவா? சலூன்ல இருப்பா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

முதின்தாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

சலூன் வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, சவுரிமுடிக் கட்டுகளுக்கு நடுவே, மடியில் லேப்டாப்போடு சிலுஃப்யா ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு சில பெண்கள் தாழ்ந்த குரலில் பேசியபடி காத்திருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?" என்றாள் முதின்தா.

கடைக்காரி நமுகோலோ பதறி வந்தாள். "மெதுவா, மெதுவா! அவ பேசி முடிக்கட்டும், அப்புறந்தான் டிரையர் போடுவோம். அவ வீட்ல பகல்ல கரண்டே இருக்கறதில்ல, பாவம்." பிறகு முதின்தாவை உற்றுப் பார்த்தாள். "இந்தக் குரலைக் கேட்டிருக்கேனே! நகத்துக்குச் சாயம் பூசியாச்சான்னு கேட்ட மேடம் நீங்கதானா? அன்னிக்கு அவ ஹெட்போன் ஒடஞ்சு கெடந்துச்சு. ஸ்பீக்கர்ல நாங்க எல்லாருமே கேட்டோம்."

ஈரத்தலைகள் அத்தனையும் திரும்பின. முதின்தாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

பேசி முடித்த சிலுஃப்யா அவளைக் கண்டதும் துள்ளி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே துடைத்துப் போட்டாள். "உக்காருங்க மேடம்."

"இல்ல... இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

பொய் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லாததுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் முதின்தா வாய் திறந்தாள். "அன்னிக்கு சிலுஃப்யாவ நான் கிண்டல் பண்ணது தப்பு. அவ வேலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. வேவு பாக்கப் போனது நான்."

"பரவால்ல மேடம். அடுத்த விஷயத்துக்குப் போலாமா?" என்றாள் சிலுஃப்யா.

கூட்டம் நடந்தது. ஆனால் அந்த ஈரத்தலைப் பெண்களிடம் முதின்தாவால் போய் நிற்க முடியவில்லை. மட்டேரோ வழியாகப் போக வேண்டிவந்தால் இன்றும் சுற்றுவழியில்தான் போகிறாள்.