கயிற்றில் ஓர் இடம்

அன்று கரையில் இருந்தவர்கள் நான், என் தம்பி தணிகைவேல், அவன் மனைவி அம்சா, எங்களோடு கயிறு பிடிக்கும் காசிநாதன், கணவனைக் கடலில் இழந்த குப்பம்மா, சென்னையிலிருந்து ஏதோ ஆராய்ச்சிக்காக வந்திருந்த அருணகிரி. மற்ற ஆட்கள் வலையை உதறத் தள்ளிப் போயிருந்தார்கள். அவர்கள் காதில் எதுவும் விழுந்திருக்காது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு புதுப்பட்டினம் சந்தையில் சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்கூட அன்று கரையில் இல்லை. என் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

எங்கள் குப்பத்தில் பெரிய வலை எங்கள் வீட்டுடையது. கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்க வேண்டும். முகம் கடலைப் பார்த்திருக்க, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னுக்கு நடந்தபடி இழுப்பது. கயிற்றில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. முதல் இடம் என்னுடையது. எனக்குப் பின்னால் தணிகைவேல், அவனுக்குப் பின்னால் காசிநாதன். ஏறிய மீனை மணலில் கூறு போடுவோம். கயிறு பிடித்தவர்களின் கூறுகள் ஒரு வரிசை. கயிறு பிடிக்க முடியாத விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் எங்கள் வலை பங்கு கொடுக்காமல் விட்டதில்லை. அவர்களுடைய கூறுகள் தனியாக, மேட்டுப் பக்கம் இன்னொரு வரிசை. இந்தக் கரையில் எங்களுக்குள்ள மரியாதை அந்த இரண்டாவது வரிசையால் வந்தது.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டத் தொடங்கியபோது தணிகைவேல் ஒரு காண்டிராக்டரிடம் கம்பி கட்டும் வேலைக்குப் போனான். காக்கிச் சட்டையும் சைக்கிளும் வந்தன. என் தம்பி கவர்மெண்டு வேலையில் இருக்கிறான் என்று ஊருக்குச் சொன்னது நான்தான். கட்டுவது கவர்மெண்டு, அதனால் சொன்னதில் பொய்யில்லை. கயிற்றில் அவனுடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தேன். அது யாருடைய இடம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். எழுபத்தாறில் அவன் பகுதியில் கான்கிரீட் வேலை முடிந்தது. காண்டிராக்டர் ஆட்களை நிறுத்திவிட்டார். மறுநாள் விடியலில் தணிகைவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றருகே வந்து நின்றான். நான் அவனைப் படகு மறைவுக்கு அழைத்துப் போனேன்.

"நீ லீவுல வந்துகீறன்னு சொல்லிக்கீறேன். இப்ப கயித்தத் தொட்டியானா, தொரத்திட்டாங்கன்னு ஊரே சிரிக்கும். சட்டையப் போட்டுகினு குந்து. பங்கு ஒன் வூட்டுக்கு வரும்."

"எத்தினி நாளைக்கு அண்ணாத்த?"

"அடுத்த வேல வர்ற வரிக்கும்."

அடுத்த வேலை வரவில்லை. தணிகைவேல் தினமும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்தான். அவனுக்கு முழுப் பங்கு கொடுத்தேன். வியர்வை சிந்தி இழுத்த காசிநாதனின் கூறுக்கும் அவனுடைய கூறுக்கும் ஒரு நெத்திலி வித்தியாசம் இருந்ததில்லை. ஆனால் கூறு போடுகிறவன் அதை மேட்டு வரிசையில் வைத்தான். கயிறு பிடிக்காதவன் கூறு அங்கேதான் போகும். எங்களிடம் மூன்றாவது வரிசை கிடையாது. ஒரு பக்கம் குப்பம்மாவின் கூறு, இன்னொரு பக்கம் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட துரையின் கூறு, நடுவில் என் தம்பியுடையது. அம்சா கொஞ்ச நாள் வந்து எடுத்துப் போனாள். பிறகு அதை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள். குப்பம்மா தன் கூடையிலேயே அதையும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

அவன் அதிகம் பேசுவதில்லை. கயிறும் கம்பியும் பிடித்துக் காய்த்திருந்த உள்ளங்கைத் தோல் உரிந்து, கை வெளுத்துக்கொண்டு வந்தது. அதை மணலில் தேய்த்தபடியே இருப்பான். நாங்கள் ஏலேலோ போட்டு இழுக்கும்போது, உட்கார்ந்த இடத்திலேயே அவன் குதிகால்கள் மணலை அழுத்தும். வலை கரைக்கு வந்த பிறகு பார்த்தால் படகு நிழலில் இரண்டு குழிகள் இருக்கும். வேளைக்குச் சோறு இருந்தது, பிள்ளைகளுக்குத் துணி இருந்தது, யாரும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததுண்டு.

ஒரு வருடம் கழித்துத்தான் அருணகிரி வந்தார். மீன்பிடியை விட்டுக் கூலி வேலைக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். மரியாதையான பிள்ளை, செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். வேலை செய்யாமலே அதே வருமானம் வீட்டுக்கு வந்துட்டா, அப்பவும் வேலைக்குப் போவீங்களா?"

காசிநாதன் தலைப்பாகையை அவிழ்த்து உதறினான். "இன்னா சார் இப்டிக் கேட்டுட்ட! எங்க குடுக்கறாங்க, சொல்லு. இப்பவே போயி படுத்துக்கறேன். ரெண்டு நாள்ல எம் பொண்டாட்டி வூட்ட வுட்டுத் தொரத்திடுவா, அதான் பேஜாரு."

"ரெண்டு நாளா? ஒன் மூஞ்சிக்கு அரை நாளே சாஸ்தி" என்றாள் குப்பம்மா.

எல்லோரும் சிரித்தோம். அருணகிரி தணிகைவேலைப் பார்த்தார். "நீங்க?"

"அவன் லீவுல கீறான் சார். கவர்மெண்டு வேல" என்றேன் நான்.

தணிகைவேல் எழுந்தான். "லீவு இல்ல சார். ஒரு வருசமா எனுக்கு அப்டித்தான் வருது. தோ, அந்த மேட்டுல கீது பாருங்க, குப்பம்மாக்கா கூறுக்குப் பக்கத்துல." பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணாத்த, எனுக்கு மீனு வாணாம். கயிறு குடு."

"குடுத்துடுங்க மாமா" என்றாள் அம்சா. "தூக்கத்துல கட்டில் கயித்தப் புடிச்சி இழுத்துகினு கீறாரு. பசங்க பயப்படுதுங்க."

வெளியூர் மனிதர் ஒருவர் முன்னால் என் வீட்டுப் பேச்சு இப்படிப் பிரிந்து கிடந்தது. நான் குரலை உயர்த்தவில்லை.

"சட்ட கசங்கிடும். குந்து" என்றேன்.

அவன் உட்கார்ந்தான்.

மறுநாள் விடியலில் எங்கள் சின்னக் கட்டுமரம் கரையில் இல்லை. மேட்டு வரிசையில் அவனுடைய கூறு வைக்கிற இடத்தில் காக்கிச் சட்டை மடித்து வைத்திருந்தது. கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. மதியத்துக்குமேல் கட்டுமரம் தெற்கே சதுரங்கப்பட்டினம் கரையில் ஒதுங்கியதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதில் அவன் இல்லை. பிறகும் கிடைக்கவில்லை. கட்டுமரத்தில் கட்டியிருந்த, மீன் போடும் ஓலைப் பறியில் கொஞ்சம் காரைப்பொடி மீன் கிடந்தது. வழக்கப்படி அதைக் கூறு போடக் கையை நீட்டியவனை அம்சா தடுத்தாள்.

"இது அவரு புடிச்சது. இதுல யாருக்கும் பங்கு கெடையாது."

பறியை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது சந்தைக்கு மீன் கூடை சுமக்கிறாள். அவளுடைய பங்கை இன்றும் மேட்டில் வைக்கிறோம். அவள் எடுப்பதில்லை. காக்கைகளுக்குப் பழகிவிட்டது.

கயிற்றில் அவனுடைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. இழுக்கும்போது என் பிடரிக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். காசிநாதனுக்கு வயதாகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கயிறு பிடித்தவன் கடலைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தையில் இரண்டு பேச்சு நடமாடுகிறது. பங்கு கொடுக்காமல் நான் தம்பியைத் துரத்தினேன் என்பது ஒன்று. கடைசி நாள்வரை முழுப் பங்கு போனது. குப்பம்மா உயிரோடு இருக்கிறாள், கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, எனக்கும் காசிநாதனுக்கும் நடுவில் ஆளில்லாத இடத்தில் தினமும் இரண்டு குதிகால் குழிகள் விழுகின்றன, அவற்றில் தண்ணீர் ஊறி நிற்கிறது, தணிகைவேல் வந்து கயிறு பிடிக்கிறான் என்பது.

குழிகள் விழுவது உண்மை. அவை என்னுடையவை. பின்னுக்கு நடந்து இழுக்கிறவன் கால், அவனுக்குப் பின்னால் இருப்பவன் இடத்தில்தான் போய்ப் பதியும்.