ஐந்நூற்றிரண்டாம் வீட்டு அடுப்படி

பாங் உன்சுக் தன் அடுப்படிச் சுவரின் பழைய ஓடுகளைப் பெயர்த்து முடித்த மறுநாள் காலை, அந்த ஓர் அறை மட்டும் நடுக்கடலில் நிற்கும் கப்பலைப்போல ஆடத் தொடங்கியது. கூடத்தில் ஆட்டம் இல்லை, படுக்கையறையிலும் இல்லை. அடுப்படி நிலையைத் தாண்டிக் காலை வைத்தால் தரை இடப்பக்கம் மெல்லச் சாயும், ஒரு மூச்சு நேரம் நிற்கும், பிறகு வலப்பக்கம் சாயும். பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில், தேயாங் அடுக்ககத்தின் ஐந்தாம் மாடியில் இது நடந்தது. அந்த ஆண்டு வசந்தம் பிந்தி வந்தது. சந்தையில் முள்ளங்கி விலை ஏறியிருந்தது.

உன்சுக்கின் கணவர் மா தெசிக் இருபத்தொன்பது வருஷம் தென்கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்களில் இயந்திரம் பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். உன்சுக், அரைத்த மீனில் மீன்கட்டி செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டி, மகள் சோராவை வளர்த்துத் தேஜோனில் கட்டிக்கொடுத்தாள். வீட்டின் அடுப்படி, கட்டடம் எழும்பிய நாளில் இருந்தபடியே கிடந்தது. தொட்டி இடுப்புக்குக் கீழே இருந்ததால் பாத்திரம் துலக்கித் துலக்கி அவள் முதுகு வளைந்தது. அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. அவர் ஒரேயடியாக வரட்டும், இருவருமாகச் சேர்ந்து மாற்றலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். முழங்கால் தேய்ந்து, ஐம்பத்தெட்டாம் வயதில் அவரும் ஒரேயடியாக வந்தார். வந்தவர் உட்காரவில்லை. பால்கனியிலிருந்து வாசல், வாசலிலிருந்து பால்கனி என்று விந்தி விந்தி நடந்தார். நங்கூரமிட்ட கப்பல்களை எண்ணினார். சோறு வைத்தால் நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த உன்சுக், வேலையைத் தானே கையில் எடுத்தாள். இரைச்சலுக்குச் சம்மதம் கேட்டுக் கட்டடம் முழுக்கக் கையெழுத்து வாங்கி, லிஃப்டில் அறிவிப்பு ஒட்டி, தொந்தரவுக்கு ஈடாக வீட்டுக்கு ஒரு கட்டுக் குப்பைப்பை கொடுத்தாள். பிறகு நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக இறங்கினாள்.

ஆட்டம் தொடங்கியதும் பராமரிப்பு அலுவலர் வந்து தரையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. கட்டடத்தில் விரிசல் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். கீழ்வீட்டுப் பெண் ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இப்படி ஆடுதே, எங்க வீட்டுக்குத் தண்ணி கிண்ணி ஒழுகிடாதே?"

"ஒழுகாது."

"அப்ப சரி" என்று இறங்கிவிட்டாள்.

உன்சுக் மேல் அலமாரியை மட்டம் பார்த்துப் பொருத்தினாள். காலையில் அது ஒருச்சாய்ந்து நின்றது. கழற்றி மறுபடி பொருத்தினாள். ஏழு தடவை. பூச்சுக் கலவை தட்டைவிட்டு வழிந்தது, ஓடுகள் ஒட்டிய இடத்தைவிட்டு நழுவின. தெசிக் நிலையருகே நின்று பார்த்தாரே தவிர உள்ளே வரவில்லை. எட்டாம் தடவை வாயைத் திறந்தார்.

"சோரா அம்மா, மட்டம் பாக்காதே. கப்பல்ல எவனும் மட்டம் பாக்க மாட்டான்."

அவ்வளவுதான். சுத்தியல் தரையில் விழுந்து, சாய்ந்த பக்கமாக உருண்டு போனது.

"இது கப்பலா? இது என் அடுப்படி! புயல்னு ரேடியோ சொன்னா, ராத்திரி பூரா அதை அணைக்காம உக்காந்திருந்துட்டு வேலைக்குப் போயிருக்கேன். அந்தக் கடல் வாசலோட நிக்கட்டும்னு இருபத்தொன்பது வருஷம் இருந்தேன். இப்ப அதையே வீட்டுக்குள்ள கூட்டியாந்துட்டீங்களே! உடம்புதான் இங்க இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

மறுநாள் காலை சலவைக்குப் போட அவர் மேலங்கியை உதறியபோது, உள்பையில், மறுபடி கப்பலேறப் புதுப்பித்த மாலுமிப் புத்தகம் இருந்தது. கூடவே ஒரு கடிதம்: பழைய கப்பல்தலைவர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். இயந்திரம் வேண்டாம், கப்பலின் கிடங்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறார். உன்சுக் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். தெசிக் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பினார்.

அவர் பஸ் யோங்தோ பாலத்தைக் கடந்த நேரத்தில் அடுப்படி நின்றது. உன்சுக் அன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்தாள். வெள்ளை ஓடு நூல் பிடித்தாற்போல ஏறியது. அலமாரி நின்ற இடத்தில் நின்றது. புதுத்தொட்டி அவள் இடுப்பு உயரத்துக்கு வந்தது. குமிழி நட்ட நடுவில் நின்றது. தட்டிப் பார்த்தும் நகரவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து மேடையில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். தண்ணீரில் ஒரு சுருக்கமும் விழவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனாள், திரும்பினாள், பால்கனிக்குப் போனாள், திரும்பினாள். பதினோராவது நடையில்தான், தான் யாரைப்போல நடக்கிறோம் என்பது உறைத்தது. போனை எடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் வரிசைலதான் நிக்கறேன்."

"கீழ் அலமாரிக்குக் கொக்கி வேணும். ஆடினா கதவு திறந்துக்கும். பாத்திரம் சரியாம மேடைக்கு ஓரத்துல கட்டையும் அடிக்கணும். அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"பித்தளைக் கொக்கியா வாங்கணும். இரும்பு துருப்பிடிச்சுரும்" என்றார் தெசிக்.

கையெழுத்துப் போடாமலே வரிசையைவிட்டு விலகி, கப்பல் சாமான் கடைகளில் அலைந்து, அவர் இருட்டிய பிறகுதான் வந்தார். அவர் பாலத்தைத் தாண்டும்போதே கிண்ணத்துத் தண்ணீர் இங்கே சாய்ந்துவிட்டது. ஆட்டம் தொடங்கியபின் முதல் தடவையாக அடுப்படிக்குள் கால் வைத்தார். உள்ளே அவருக்கு விந்தல் இல்லை. ஓடுகளின் இடுக்கிலிருந்த கெட்டிச் சாந்தை எடுத்துவிட்டு, நெகிழும் பசையை நிரப்பினார்கள். மேசையைத் தரையோடு முடுக்கினார்கள். அடுப்பைச் சுற்றிக் கம்பி வைத்தார்கள். குழம்புச் சட்டியை முக்கால் அளவுக்குத்தான் நிரப்ப வேண்டும் என்று அவர் சொல்ல, "இது எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். அதன்பின் தெசிக் பால்கனிக்கு நடக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார், இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தபடி. அடுப்படி மட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கட்டடத்தில் தூங்க மறுக்கும் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து கிடத்துவது வழக்கமாயிற்று. மூன்று வருஷம் இப்படிப் போனது.

நான்காம் வருஷம் சோராவுக்குப் பிள்ளை பிறந்து, உன்சுக், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமான கடற்பாசிச் சூப் வைத்துக் கொடுக்கத் தேஜோன் போனாள். அது கடலே இல்லாத ஊர். மகளின் அடுப்படியில் நின்ற அரைமணியில் அவளுக்குத் தலை சுற்றியது; கால்களை அகட்டி, மேடையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு ஊருக்குப் போன் செய்தாள்.

"சோரா அப்பா, இங்க தரை அசையவே மாட்டேங்குது."

தெசிக் சிரிக்கவில்லை. "கரை இறங்கினா அப்படித்தான். சூடா ஏதாவது குடி, தூரமா ஒரு மலையைப் பாத்துக்கிட்டு இரு. ஒரு மாசத்துல பழகிரும்."

"பழக வேணாம்" என்றாள் உன்சுக். சம்பந்தியம்மாள் மறுநாள் வந்து பொறுப்பை ஏற்றதும், மதிய ரயிலுக்குச் சீட்டு எடுத்தாள்.