நாளைக்கான தண்ணீர்

ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தேன்மொழி குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, ராசம்மா மீன் தொட்டிக்குள் குவளையை விட்டுத் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தாள்.

ராசம்மா, தேன்மொழியின் புருஷன் சுகுமாறனின் அக்கா. தம்பி போய்விட்டான் என்று கேட்டதும் பாலோவிலிருந்து ஓடி வந்தவள், அழுகைக்கு நடுவிலும் ஒரு வேலையையும் விட்டுவைக்கவில்லை. பிணம் வாசலைத் தாண்டியதும் வீட்டில் நின்ற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும் என்பது வழக்கம். ஆண்கள் வண்டிக்குப் பின்னாலேயே மின்சுடலைக்குப் புறப்பட, இவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடங்கிவிட்டாள். அடுப்படிக் குடம், குளியலறைத் தொட்டி எல்லாம் முடிந்தன. பிரிட்ஜில் இருந்த போத்தல்கள்கூடத் தப்பவில்லை. கடைசியில் ஹாலுக்கு வந்திருந்தாள்.

தொட்டியில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மேல் கல்லில் ஒட்டியிருந்த உயிர்ப் பவளங்கள் காற்றில் சுருங்கி, நனைந்த துணிபோலத் தொங்கின. ஆரஞ்சு மீன் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் எட்டாமல் மோட்டார் கரகரத்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"தம்பியத் தூக்குன வீட்டுல தண்ணி நிக்கக்கூடாது தேனு. நீ போய் உக்காரு. நான் பாத்துக்குறேன்."

போய் உட்காரத்தான் தேன்மொழிக்கும் ஆசை. தைப்பூசத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி நடை, தீபாவளி கழிந்தும் முடியாமல் இழுத்து, நேற்று விடியற்காலையில்தான் நின்றது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாத அசதி அது. தவிர, அந்தத் தொட்டியை அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. மாமியார் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று ஊரே அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. அந்தக் குறையைத் தொட்டி தீர்த்துவைத்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெளியூர் போகவிடாது. ராத்திரி பகல் சத்தம் போடும். வேளாவேளைக்குக் கவனிக்காவிட்டால் படுத்துக்கொள்ளும். இப்போது அதுவாகவே போகப்போகிறது. பழி அவள் மேல் விழாது. சும்மா இருந்தால் போதும்.

அவளும் சும்மாதான் நின்றாள். குவளை ஒருமுறை போய் வந்தது. இன்னொரு முறை போனது.

சுகுமாறன் யோங் பெங் வட்டாரத்தில் ஏர்கான் பழுது பார்த்தவன். ஊருக்கெல்லாம் குளிரூட்டிவிட்டு, வீட்டில் இந்தத் தொட்டிக் கடலுக்கு விசிறி வைத்தான். கடைசி மாதங்களில் எழுந்து உட்கார முடியாத நிலையிலும் அவன் பேச்செல்லாம் வாங்கப்போகும் பெரிய தொட்டியைப் பற்றித்தான். பழையதில் பட்டதெல்லாம் புதியதில் படக்கூடாது. ஜொகூர் பாருவில் வாங்கி வந்த கடல் கல்லை, நம்ம வீட்டுப் பழக்கத்தில் பைப்படியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியவன் அவன். கல்லில் இருந்த உயிரெல்லாம் செத்து, வீடு மீன் சந்தையாக நாறியது. "சுத்தம் சோறு போடும்னு சொன்னவன் கடல் தொட்டி வெச்சிருக்க மாட்டான்" என்று பிறகு தானே சொல்லிச் சிரிப்பான். ஜன்னலுக்கு எதிரே வைத்தது தப்பு, பாசி பிடித்தது. சுவரோடு ஒட்டி வைத்தது தப்பு, பின்னால் கை போகவில்லை.

"புதுத் தொட்டிக்கு மொதல்ல மீன் வாங்கக்கூடாது தேனு. மொதல்ல தண்ணி. உப்பக் கலக்கி ஒரு ராத்திரி சுத்த விட்டுரணும். அவசரத்துல அப்பவே ஊத்தினேன் பாரு, அதுலதான் அந்த ஊதா மீன் போச்சு. நாளைக்கு வேணுங்கிற தண்ணி இன்னிக்கே வீட்டுல இருக்கணும்."

"கஞ்சி ஆறுது. குடிங்க."

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தாலும் அவன் திட்டம் போடட்டும் என்று விட்டுவிட்டாள். வலிக்கு அதைவிட நல்ல மருந்து அந்த வார்டில் யாரிடமும் இல்லை. பாதித் தூக்கத்தில் ஊம் கொட்டிக் கொட்டியே அவன் பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

தேன்மொழி குனிந்து மோட்டார் சுவிட்சை அணைத்தாள்.

"அண்ணி, பின்னாடி நீலத் தோங்குல, அந்த பிளாஸ்டிக் டிரம்முல, தண்ணி இருந்துச்சே?"

"அதையுந்தான் கொட்டிட்டேன். வாயில தெறிச்சுது, ஒரே கரிப்பு."

"அலமாக்! அது இதுக்காக நம்ம புள்ள லோஷினி கலக்கி வெச்சது."

"எனக்கு எப்படிலா தெரியும்?" என்றாள் ராசம்மா. "நம்ம மொறையத்தான் நான் செஞ்சேன்." நிரம்பிய வாளியை இரண்டு கையாலும் தூக்கி வாசல் பக்கம் திரும்பினாள்.

தேன்மொழி வாளியின் பிடியைப் பற்றினாள்.

"வைங்க அத."

"கொட்டறதுக்குன்னு மொண்ட தண்ணிய யாராச்சும் திரும்ப ஊத்துவாங்களா? ஆகாதுடி. புள்ள இருக்குற வீடு."

"வைங்க அண்ணி."

இருவரும் இழுத்ததில் வாளி ஆடி, தண்ணீர் கழுவிய தரையில் சிந்தியது. கூட்டிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புருஷனைத் தூக்கும்போதுகூட வாய்விட்டு அழாதவள் என்று காலையிலிருந்து அவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டது தேன்மொழிக்கும் கேட்டுத்தான் இருந்தது.

"அவரு மருந்து, துணி எல்லாத்தையும் காலையிலேயே மூட்டை கட்டிட்டீங்க. கட்டிலக் கூட வெளிய போட்டாச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "இது அவரு கலக்குன தண்ணி. அவரு கை உள்ள கெடந்த தண்ணி. இதையும் காவாயில ஊத்திட்டா எனக்கு என்னா இருக்கு அண்ணி?"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், சத்தமாக, அசிங்கமாக வந்தது. அழுதுகொண்டே வாளியை மட்டும் விடவில்லை.

ராசம்மா கையை எடுத்துவிட்டாள்.

வாளித் தண்ணீரைக் குவளை குவளையாகத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றினார்கள். போதவில்லை. சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த மகள் லோஷினி ஒரு பார்வையிலேயே நடந்ததைப் புரிந்துகொண்டாள்.

"மேல இருக்குறத கீழ எறக்கணும்மா. கையில சோப்பு இருக்கா?"

குளித்துவிட்டு வந்த கை. வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, தேன்மொழி முதன்முறையாக அந்தத் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. பவளங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மணலில் இறக்கி வைத்தாள். ஒரு மீன் வந்து அவள் விரலைக் கொத்திவிட்டுப் போனது.

"பைப்பு தண்ணி ஆவாது" என்றாள் லோஷினி. "கடை வரிசையில காசு போட்டு எடுக்குற மெஷின் தண்ணி இருக்கு. போய் எடுத்துட்டு வர்றேன். உப்பு வீட்டுல இருக்கு."

"சாவு வீட்டுப் பொண்ணு கடைக்குப் போறதா?" என்று வழக்கம் தவறாமல் ஆரம்பித்த ராசம்மா, தொட்டியைப் பார்த்தாள். மணலில் கிடந்ததையும் பார்த்தாள். "பெரிய தண்ணிப் போத்தல் ரெண்டையும் ஒருத்தியே தூக்க மாட்ட. இரு, நானும் வர்றேன்."

அவர்கள் வந்ததும் நீலத் தோங்கை ஹாலுக்கே கொண்டுவந்து நிரப்பினார்கள். லோஷினி அளந்து போட்ட உப்பு, சின்ன மோட்டார் சுற்றியதில் பால் போலக் கலங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மின்சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். கால் கழுவாமல் உள்ளே வர முடியாது.

"வாளியில தண்ணி வைங்க!" என்று குரல் வந்தது.

"வாளி இங்க வேணும். பைப்ப தொறந்து கழுவிக்கிட்டு வாங்க" என்று ராசம்மா உள்ளிருந்தே கத்தினாள். பிறகு தோங்கை எட்டிப் பார்த்தாள். "ஊத்திரலாமா இப்ப?"

"இப்ப கூடாது அண்ணி. ராத்திரி முழுக்க சுத்தணும். நாளைக்குத்தான் ஊத்தணும்" என்றாள் தேன்மொழி.

"அதுவரைக்கும் இங்கயே நிக்கணுமா?"

"ஆமா."

முன்வாசலைக் கழுவி முடித்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, விளக்குமாற்றோடு உள்ளே வந்து தோங்கின் விளிம்பைப் பிடித்தாள்.

"இது ஒண்ணு விட்டுப் போச்சே அக்கா, கொட்டிரட்டா?"

"கைய எடு" என்றாள் ராசம்மா.

அடுப்படியிலிருந்து பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து தோங்கை மூடினாள். வந்தவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்து, அதன் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.